இரவில் வண்டி ஓட்டுதல்: கண்ணும் ஒளியும் வேகமும்

பகலில் பலமுறை சென்று பழகிய சாலையே இரவில் வேறொரு சாலையாகத் தோன்றுவது யாவரும் அறிந்ததே. சாலையின் அகலமும் வளைவுகளும் இரவில் மாறிவிடுவதில்லை. வண்டியின் எஞ்சினும் பிரேக்கும் சக்கரங்களும் பகலில் இருந்தவாறே இருக்கின்றன. மாறுவது ஒன்றே: ஓட்டுபவரின் கண்ணுக்கு எட்டும் செய்தி பன்மடங்கு குறைந்துவிடுகின்றது. அவ்வாறு குறைந்த பின்னும் பகலில் சென்ற அதே வேகத்தில் வண்டி செலுத்தப்படுமாயின், விபத்து நேர்வதற்கு வேறு காரணம் தேடவேண்டுவதில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். ஒரு நாளை மும்மூன்று மணி கொண்ட எட்டுக் கூறுகளாகப் பிரித்து நோக்கினால், மாலை 6 மணி முதல் இரவு 9 மணி வரையுள்ள கூற்றிலேயே விபத்துகள் மிகுதியாக நிகழ்கின்றன. எட்டில் ஒரு பங்காக இருக்கவேண்டிய அந்த மூன்று மணி நேரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விபத்துகள் நேருகின்றன. பொழுது சாயும் வேளையில் ஒளி குறைகின்றது. அதே வேளையில் சாலையில் நடமாட்டமும் மிகுகின்றது. இவ்விரண்டும் சேர்வதே இதற்குக் காரணம்.

வேளாண்மை விரிவாக்க அலுவலர், சுகாதாரப் பணியாளர், கால்நடை மருத்துவர், நில அளவையர் முதலிய கள அலுவலர்கள் பெரும்பாலும் இந்த வேளையிலேயே கிராமங்களிலிருந்து வீடு திரும்புகின்றனர். அவர்களுள் பலர் செல்வது இரு சக்கர வண்டியில். பள்ளி ஆசிரியர்களோ தாமும் இவ்வாறு பயணம் செய்வதோடு, சைக்கிளிலும் கால்நடையாகவும் இருட்டில் வீடு செல்லும் மாணவர்களுக்கும் பொறுப்புடையவர்கள். ஆகவே இரவில் கண் எவ்வாறு தொழிற்படுகின்றது, விளக்கின் ஒளி எவ்வளவு தொலைவு செல்கின்றது, வண்டி நிற்பதற்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்னும் மூன்றையும் இவர்கள் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

இருளில் கண் தொழிற்படும் முறை

கண்ணின் பின்புறத்தில் அமைந்துள்ள விழித்திரையில் ஒளியை உணரும் அணுக்கள் இரு வகைப்படும். கூம்பு அணுக்கள் ஏறத்தாழ 60 இலட்சம். கோல் அணுக்கள் ஏறத்தாழ 10 கோடி. நல்ல வெளிச்சத்தில் நிறங்களையும் நுண்ணிய விவரங்களையும் காட்டுவன கூம்புகள். மங்கிய ஒளியில் தொழிற்படுவன கோல்கள். இவற்றால் நிறங்களைப் பிரித்தறிய இயலாது. உருவத்தின் விளிம்புகளையும் தெளிவாகக் காட்ட இயலாது.

நேராக ஒரு பொருளை நோக்கும்போது அதன் உருவம் விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழியில் விழுகின்றது. அக்குழியில் கூம்புகளே நெருங்கி அமைந்துள்ளன, கோல்கள் இல்லை. ஆதலின் மிக மங்கலான ஒரு பொருளை நேராக உற்று நோக்கினால் அது மறைவதும், சற்று ஓரமாக நோக்கினால் புலப்படுவதும் உண்டு. கார்த்திகை மீன்கூட்டத்தை நேராகப் பார்ப்பதைவிடச் சிறிது விலகிப் பார்க்கும்போது கூடுதலான விண்மீன்கள் தெரிவது இதனாலேயே. இருண்ட சாலையில் செல்பவர் ஒரே புள்ளியில் பார்வையை நிலைநிறுத்தாமல், சாலையின் இரு மருங்கிலும் பார்வையை மெல்ல ஓடவிடுதல் வேண்டும் என்று கூறப்படுவதன் காரணமும் இதுவே.

ஒளியிலிருந்து இருளுக்கு வந்தவுடன் கண் அதற்கு இணங்கிவிடுவதில்லை. கூம்புகள் தம்மால் இயன்ற அளவு பழகுவதற்கு ஏறத்தாழ 10 நிமிடமும், கோல்கள் பழகுவதற்கு அரை மணி நேரமும் ஆகும். ஒளி மிகுந்த தேநீர்க் கடையிலிருந்தோ பெட்ரோல் பங்கிலிருந்தோ புறப்படுபவர் முதல் சில நிமிடங்களில் தம் கண் முழு ஆற்றலோடு இல்லை என்பதை உணர்ந்து மெதுவாகச் செல்லவேண்டும். வண்டிக்குள் விளக்கை எரியவிட்டுச் செல்வதும், கைப்பேசியின் திரையை நோக்குவதும் பழகிய கண்ணை மீண்டும் கெடுத்துவிடும்.

கோல் அணுக்களில் ரோடாப்சின் என்னும் நிறப்பொருள் உள்ளது. ஒளி பட்டதும் இது சிதைகின்றது. இருளில் மீண்டும் உருவாகின்றது. இது உருவாவதற்கு வைட்டமின் ஏ இன்றியமையாதது. கண்ணின் நிறப்பொருளுக்கும் இவ்வைட்டமினுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து விளக்கிய ஜார்ஜ் வால்டு என்னும் அமெரிக்க விஞ்ஞானி, 1967ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசை மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டார். வைட்டமின் ஏ குறைவுபட்டவர்களுக்கு மாலைக்கண் தோன்றுகின்றது. கீரைகள், காரட், பப்பாளி, பால், முட்டை முதலியன இக்குறையைத் தடுக்கும். ஆனால் உடலில் இவ்வைட்டமின் போதுமான அளவு உள்ளவர் மேலும் அதனை உட்கொள்வதால் இரவுப் பார்வை கூடிவிடுவதில்லை.

வயதும் கருதத்தக்கது. இளைஞரின் கண்மணி இருளில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் விட்டத்துக்கு விரியும். அறுபது வயதுடையவருக்கு அது 5 மில்லிமீட்டர் அளவே விரியக்கூடும். விட்டம் 7க்கு 5 என்றால், உட்புகும் ஒளி 49க்கு 25, அதாவது ஏறத்தாழப் பாதி. அத்துடன் விழியாடி மஞ்சளித்தும் மங்கியும் போவதால் ஒளி மேலும் குறைகின்றது. கண்புரையின் தொடக்கத்தில் பகற்பார்வை குறைவற்றிருக்க, இரவில் மட்டும் விளக்குகளைச் சுற்றி வளையம் தோன்றுவதும் கூச்சம் மிகுவதும் உண்டு. இவ்வறிகுறிகள் தோன்றியவர் கண் மருத்துவரைக் காண்பதற்குத் தாமதித்தல் கூடாது. சிறிதளவு கிட்டப்பார்வை உடையவர்கள் பகலில் கண்ணாடியின்றிச் சமாளித்துவிடுகின்றனர். இரவில் கண்மணி விரியும்போது அக்குறை பெரிதாகின்றது. ஆகவே இரவில் கண்ணாடி அணியாமல் ஓட்டலாகாது. கறுப்புக் கண்ணாடி இரவில் எவர்க்கும் ஆகாது.

எதிர் ஒளியால் கண் கூசுதல்

எதிரே வரும் வண்டியின் விளக்கொளி கண்ணுக்குள் புகும்போது, அதன் ஒரு பகுதி விழியாடியிலும் பிற ஊடகங்களிலும் சிதறி, விழித்திரை முழுவதும் ஒரு மெல்லிய ஒளித்திரையைப் போர்த்துகின்றது. இத்திரையின் பின்னே மங்கலான பொருள்கள் யாவும் மறைந்துபோகின்றன. இரு வண்டிகள் ஒன்றையொன்று நெருங்கும்போது, அவற்றிற்கு இடையே சாலையைக் கடக்கும் ஒருவர் இரண்டு ஓட்டுநருக்குமே புலப்படாமல் போவதற்கு இதுவே காரணம். தமக்கு இருபுறமும் வெளிச்சம் இருப்பதால் தம்மை எல்லோரும் காண்கின்றனர் என்று அவர் எண்ணிக்கொள்வது இயல்பு. உண்மை நேர் எதிரானது.

ஒளி விலகிய பின்னும் கண் தெளிவதற்குச் சில விநாடிகள் ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடிக்கு 16.7 மீட்டர் செல்கின்றது. கண் தெளிய மூன்று விநாடி ஆகுமாயின், அதற்குள் வண்டி 50 மீட்டர் தூரத்தைக் குருட்டு நிலையிலேயே கடந்துவிடுகின்றது. எனவே எதிர் ஒளி வரும்போது வேகத்தைக் குறைத்தல் முதற்கடமை. எதிர் விளக்கை நோக்காமல் சாலையின் இடது ஓரத்தையோ அங்குள்ள வெள்ளைக் கோட்டையோ வழிகாட்டியாகக் கொள்ளுதல் இரண்டாவது. எதிர் வண்டிக்காரர் ஒளியைத் தாழ்த்தாவிடில் தாமும் உயர்ஒளியைப் பாய்ச்சிப் பழிதீர்ப்பது பேதைமை. கூச்சத்தால் கண் மறைந்த ஓட்டுநர் ஒருவருக்குப் பதிலாக இருவராவர்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, முன்விளக்கின் ஒளி பிறர் கண்ணைக் கூசச் செய்யாத வகையில் கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்கவேண்டும் எனக் கூறுகின்றன. முற்காலத்தில் விளக்குக் கண்ணாடியின் மேற்பகுதியில் கறுப்பு வண்ணம் பூசும் வழக்கம் பரவலாக இருந்தது இந்நோக்கத்தைக் கருதியே. தற்கால விளக்குகளில் உயர்ஒளி, தாழ்ஒளி என்னும் இரண்டும் தனித்தனியே அமைந்துள்ளன. பொதுவாக வழங்கும் ஹாலஜன் விளக்கில் உயர்ஒளிக்கு 60 வாட், தாழ்ஒளிக்கு 55 வாட் திறனுள்ள இரு இழைகள் உள்ளன. பின்னேயுள்ள ஒளித்தெறிப்பான் அவ்விழைகளின் இடத்தைக் கணக்கிட்டே வார்க்கப்பட்டது. அதில் கடைத்தெருவில் கிடைக்கும் மிகுதிறன் பல்பையோ, அளவு பொருந்தாத எல்.இ.டி. பல்பையோ பொருத்தினால், ஒளி தோன்றும் இடம் மாறிவிடுகின்றது. தாழ்ஒளியும் மேல்நோக்கிச் சிதறி எதிர்வருவோர் கண்ணில் பாய்கின்றது. பல்பு மிகுந்த ஒளியுடையதாக இருப்பினும், சாலையின் வேண்டிய இடத்தில் வேண்டிய ஒளி விழுவதில்லை.

விளக்கு சரியான கோணத்தில் உள்ளதா என்பதை எளிதில் சோதிக்கலாம். சமதரையில், ஒரு சுவருக்கு எதிரே 10 மீட்டர் தொலைவில் வண்டியை நிறுத்தித் தாழ்ஒளியை எரியவிட்டால், சுவரில் விழும் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கவேண்டும். பின்னிருக்கையில் ஆள் அமர்ந்தாலும் மூட்டை ஏற்றினாலும் வண்டியின் முன்புறம் தூக்கி, ஒளி மேலெழும். வழக்கமாகச் சுமையுடன் செல்லும் வண்டியில், அச்சுமையுடனேயே இச்சோதனையைச் செய்து, விளக்கின் திருகாணியைச் சரிசெய்தல் நன்று.

ஒளியின் எல்லையும் நிறுத்தும் தூரமும்

மேற்கூறிய அளவிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பெறப்படுகின்றது. விளக்கு தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்க. ஒளியின் மேல்விளிம்பு 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் வீதம் தாழுமாயின், அது 75 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். 15 சென்டிமீட்டர் வீதம் தாழுமாயின் 50 மீட்டரிலேயே தொட்டுவிடும். ஆகவே தாழ்ஒளியின் எல்லை 50 முதல் 75 மீட்டர் என்பது தெளிவு. அவ்வெல்லையின் விளிம்பிலும் ஒளி மிகவும் மெலிந்தே இருக்கும். தொலைவு இருமடங்காகும்போது ஒளி நான்கில் ஒரு பங்காகவும், மும்மடங்காகும்போது ஒன்பதில் ஒரு பங்காகவும் குறைவது இயற்கை விதி.

இனி, வண்டி நிற்கத் தேவையான தூரத்தைக் காண்போர், அதனை இரு பகுதியாகப் பிரித்து நோக்கவேண்டும். தடையைக் கண்டு, அது இன்னதென உணர்ந்து, பிரேக்கை அழுத்தும் வரை வண்டி செல்லும் தூரம் முதற்பகுதி. பிரேக் பிடித்தபின் வண்டி உருண்டு நிற்கும் தூரம் இரண்டாம் பகுதி. 1934ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்தியச் சாலைகள் காங்கிரஸ், சாலைகளை வடிவமைக்கும்போது முதற்பகுதிக்கு 2.5 விநாடி காலத்தைக் கணக்கிடுகின்றது. சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வுக் கெழுவை 0.35 எனக் கொண்டால், சமதரையில் நிறுத்தும் தூரம் பின்வருமாறு அமையும்:

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம்: 28 + 18 = 46 மீட்டர்.
மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம்: 42 + 40 = 82 மீட்டர்.
மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம்: 56 + 72 = 128 மீட்டர்.
மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம்: 69 + 113 = 182 மீட்டர்.

வேகம் இருமடங்காகும்போது இரண்டாம் பகுதி நான்கு மடங்காவதை இக்கணக்கில் காணலாம். உராய்வுக் கெழு இங்குப் பாதுகாப்பை முன்னிட்டுக் குறைத்தே கொள்ளப்பட்டுள்ளது. உலர்ந்த நல்ல சாலையில், தேயாத டயரும் குறையற்ற பிரேக்கும் உள்ள வண்டி இதனினும் குறைந்த தூரத்தில் நிற்கக்கூடும். ஆனால் மணல் படிந்த திருப்பத்தையும் சேறு சிந்திய வயலோரச் சாலையையும் இரவில் முன்கூட்டி அறிய இயலாதாகையால், குறைத்துக் கொண்ட கணக்கே இரவுக்கு உரிய கணக்கு.

இவ்விரு கணக்குகளையும் ஒப்பிட்டால் உண்மை விளங்கும். தாழ்ஒளி காட்டுவது 50 முதல் 75 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க வேண்டியது 82 மீட்டர். அதாவது அவ்வேகத்தில் தாழ்ஒளியுடன் செல்பவர், ஒரு தடையைக் கண்ட அக்கணமே செயற்படினும் அதன்மீது மோதிய பின்னரே நிற்பார். மணிக்கு 40 கிலோமீட்டரே தாழ்ஒளிக்குப் பொருந்தும் வேகம். வண்டியின் விளக்குகள் முன்னே 155 மீட்டர் தொலைவிலுள்ள ஆட்களையும் வண்டிகளையும் தெளிவாகக் காட்டவேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் விதிகள் கூறுவதைக் கணக்கிட்டாலும், உயர்ஒளியுடன் கூட மணிக்கு 80 கிலோமீட்டர் வரையே தகும், 100 தகாது.

ஆகவே இரவு ஓட்டத்தின் தலையாய விதியை ஒரே வாக்கியத்தில் கூறிவிடலாம்: கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகமே தக்க வேகம். ஆளற்ற இருட்சாலையில் உயர்ஒளியைப் பயன்படுத்துவதில் தவறில்லை. பயன்படுத்தாமல் விரைவதே தவறு. எதிரே வண்டி வரும்போதும், முன்னே செல்லும் வண்டியை நெருங்கும்போதும் தாழ்ஒளிக்கு மாற்றி, அதற்கேற்ப வேகத்தையும் தாழ்த்தவேண்டும். ஒளியை மட்டும் தாழ்த்தி வேகத்தைத் தாழ்த்தாதவர் கடமையில் பாதியையே செய்தவராவர்.

சாலையில் புலப்படாதவர்கள்

ஒரு பொருள் கண்ணுக்குப் புலப்படுவது, அது எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகின்றது என்பதைப் பொறுத்தது. வெள்ளைத் துணி தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எழுபது எண்பது பங்கைத் திருப்புகின்றது. கறுப்புத் துணி நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே திருப்புகின்றது. கறுத்த தார்ச்சாலையின் மேல் கருநிறப் போர்வையுடன் நடப்பவரும், எருமையும், அழுக்கேறிய பின்பலகையை உடைய லாரியும் ஏறத்தாழச் சாலையின் நிறத்தையே பெற்றிருப்பதால், விளக்கொளி தம்மீது விழுந்த பின்னரும் வெகு நெருக்கத்திலேயே புலனாகின்றன.

வெள்ளைத் துணியும் தன்மேல் விழும் ஒளியை நாற்புறமும் சிதறவே செய்கின்றது. ஓட்டுநரை நோக்கித் திரும்புவது அதில் சிறு பகுதியே. வந்த திசையிலேயே ஒளியைத் திருப்பி அனுப்பும் பொருள்கள் வேறு சில உண்டு. நுண்ணிய கண்ணாடி மணிகள் பதித்த தாள்களும், மூன்று தளங்கள் செங்குத்தாகக் கூடும் மூலைகளைக் கொண்ட பிளாஸ்டிக் வில்லைகளும் இவ்வகையின. சாலை அடையாளப் பலகைகள் விளக்கொளியில் பளிச்சிடுவது இதனாலேயே. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியைச் சேர்ந்த பெர்சி ஷா என்பவர், சாலையில் பதிக்கும் ‘பூனைக்கண்’ என்னும் ஒளித்திருப்பியை 1934ஆம் ஆண்டில் உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். பூனை, நாய், மாடு முதலியவற்றின் விழித்திரைக்குப் பின்னே இயற்கையாகவே ஒளியைத் திருப்பும் ஒரு படலம் உள்ளது. சாலையோரத்தில் இரு ஒளிப்புள்ளிகள் இணைந்து தோன்றினால், விலங்கு ஒன்று நிற்பதாகக் கொண்டு உடனே வேகத்தைக் குறைக்கவேண்டும். ஆனால் விலங்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் இவ்வறிகுறியும் கிட்டாது.

வண்டியின் முன்புறத்தில் வெண்ணிறமும், பக்கங்களில் மஞ்சள் நிறமும், பின்புறத்தில் சிவப்பு நிறமும் உடைய ஒளித்திருப்பிகளை ஒட்டுவது வழக்கு. நிறத்தைக் கொண்டே வண்டியின் எப்பகுதி தெரிகின்றது என்பதை அறியலாம். உத்தரப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் கரும்பு வெட்டும் பருவத்தில் இரவெல்லாம் ஆலைகளுக்குச் செல்லும் மாட்டுவண்டிகளும் டிராக்டர் இழுவண்டிகளும் பெரும்பாலும் பின்விளக்கின்றியே செல்கின்றன. தொங்கும் கரும்புத் தோகை ஒளித்திருப்பியையும் மறைத்துவிடுகின்றது. அவ்வண்டிகள் கூடும் சர்க்கரை ஆலை வாயிலிலும் எடைமேடையிலும், பாரத்துக்கு வெளியே தெரியுமாறு சிவப்புப் பட்டைகளைக் கட்டச் செய்வது விரிவாக்க அலுவலர் எளிதில் மேற்கொள்ளக்கூடிய பணியாகும். அதன் செலவு சொற்பம். காப்பாற்றுவது மனித உயிரையும் மாட்டையும்.

நடந்து செல்வோரிடம் பொதுவாகக் காணப்படும் ஒரு தவறான எண்ணத்தையும் இங்குக் குறிப்பிடவேண்டும். வண்டியின் விளக்கை அவர் ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்தே காண்கின்றார். எனவே ஓட்டுநரும் தம்மைக் காண்பதாக எண்ணிவிடுகின்றார். கருநிற உடையணிந்தவர் ஓட்டுநர் கண்ணில் படுவது சில பத்து மீட்டர்களுக்குள்ளேயே என்பதை அவர் அறியார். நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிர்வரும் வண்டிகளைப் பார்த்தவாறு நடப்பதும், கையில் டார்ச்சு விளக்கு ஏந்துவதும், வெண்ணிற மேலாடை அணிவதும் இக்குறையை ஓரளவு நீக்கும். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் ஒளித்திருப்பும் பட்டை அணிந்தால், கைகால்களின் அசைவைக் கொண்டு அது மனிதர் என்பதை ஓட்டுநர் விரைவில் அறிந்துகொள்கின்றார்.

மழையும் மூடுபனியும்

மழையில் நனைந்த சாலை ஒரு கண்ணாடியைப்போல் ஆகின்றது. தன் விளக்கொளி முன்னோக்கியே தெறித்துச் சென்றுவிடுவதால் ஓட்டுநருக்குச் சாலை கறுத்துத் தோன்றுகின்றது. எதிர் வண்டியின் ஒளியோ சாலையிலும் தெறித்து இருமடங்காகக் கண்ணில் பாய்கின்றது. வெள்ளைக் கோடுகளும் நீருக்கடியில் மறைகின்றன. சக்கரத்தின் பிடிப்பும் குறைகின்றது. முன்கண்ணாடியில் படிந்த எண்ணெய்ப் பசையும், ஹெல்மெட் முகமறைப்பிலுள்ள கீறல்களும் இந்நிலையில் பெருங்கேடு விளைவிப்பன.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் பஞ்சாப் முதல் பீகார் வரையுள்ள வடஇந்தியச் சமவெளியில் அடர்ந்த மூடுபனி இறங்குகின்றது. பனித்திவலைகள் ஒளியைச் சிதறச் செய்வதால், உயர்ஒளியைப் போட்டால் முன்னே ஒரு வெண்சுவர் எழுந்ததுபோல் தோன்றும். தாழ்ஒளியும், தாழப் பொருத்தப்பட்ட பனிவிளக்குகளுமே இங்குப் பயன்படும். மேலும், பனியில் சுற்றுப்புறப் பொருள்கள் மங்குவதால் தம் வேகம் குறைந்துவிட்டதாக ஓட்டுநருக்கு ஒரு மயக்கம் உண்டாகின்றது. ஆதலின் வேகத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் வேகமானியைப் பார்த்தே அறியவேண்டும். நிறுத்த நேர்ந்தால் சாலையின் மேல் நிறுத்தாமல், முற்றிலும் விலகிய ஓரிடத்தில் நிறுத்துவதே முறை.

உறக்கம் என்னும் எதிரி

மனித உடலில் ஏறத்தாழ 24 மணி நேரத்தைச் சுற்றாகக் கொண்ட ஓர் உயிர்க்கடிகாரம் இயங்குகின்றது. பின்னிரவு 2 மணி முதல் 5 மணி வரை அது உறக்கத்தையே கட்டளையிடுகின்றது. அவ்வேளையில் ஓட்டுநர் எத்துணை அனுபவசாலியாயினும் கண்கள் திறந்திருக்கும்போதே சில விநாடிகள் உணர்விழக்கக்கூடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி உறங்கினால் வண்டி 67 மீட்டர் தானாகவே ஓடியிருக்கும்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயற்திறன், இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் மது உள்ளவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடுவதாக 1997ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆராய்ச்சி காட்டியது. இந்தியச் சட்டம் ஓட்டுநருக்கு விதித்துள்ள எல்லை 30 மில்லிகிராம். காலை 5 மணிக்கு எழுந்து, நாள் முழுதும் முகாமில் பணியாற்றி, இரவு 10 மணிக்கு வண்டியைத் திருப்பும் அலுவலர், ஒரு துளி மதுவும் அருந்தாமலேயே அவ்வெல்லையைக் கடந்தவரைப்போல் ஆகிவிடுகின்றார். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்றும், 5 மணி நேரத்துக்கு மேல் தொடராமல் இடையே அரை மணி ஓய்வு என்றும் வரையறுத்தது இதன் இன்றியமையாமையை உணர்ந்தே. தாமே வண்டி ஓட்டும் கள அலுவலருக்கு இத்தகைய காவல் கிட்டுவதில்லை. எனவே முகாம்களை வகுக்கும் மேலலுவலர்கள், பணி முடிந்து திரும்பும் நேரத்தையும் திட்டத்தில் சேர்த்தே எண்ணவேண்டும். நெடுந்தொலைவாயின் இரவு அங்கேயே தங்க இடம் செய்தல் வேண்டும்.

அடிக்கடி கொட்டாவி, கண் எரிச்சல், கடந்த ஊர் நினைவுக்கு வராமை, வண்டி ஓரத்துக்கு விலகுதல் ஆகியவை உறக்கத்தின் முன்னறிகுறிகள். முகத்தில் நீர் தெளிப்பதும், பாட்டுக் கேட்பதும், சன்னலைத் திறப்பதும் சில நிமிடங்களுக்கே உதவும். தேநீரோ காப்பியோ அருந்தினால் அதன் ஊக்கம் தோன்ற 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதனை அருந்திவிட்டுப் பாதுகாப்பான இடத்தில் 15, 20 நிமிடம் கண்ணயர்ந்து எழுவதே பயன்தரும். உறக்கத்துக்கு முடிவான மருந்து உறக்கம் ஒன்றே.

ஆசிரியர்கள் செய்து காட்டத்தக்கவை

இவ்வுண்மைகளை மாணவர்க்கு விளக்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை.

முதற்சோதனை: கறுப்பு, பழுப்பு, வெள்ளை நிறத் துணிகளையும் ஓர் ஒளித்திருப்பித் தாளையும் ஒரே அளவில் வெட்டி, இருட்டிய பின் பள்ளி மைதானத்தில் நான்கு மாணவர் ஏந்தி நிற்கட்டும். ஒருவர் டார்ச்சு விளக்கைக் கண்ணருகே பிடித்தவாறு தொலைவிலிருந்து நெருங்கி வரட்டும். ஒவ்வொன்றும் முதலில் தெரியும் இடத்தைக் குறித்து, காலடியால் அளந்து அட்டவணை இடவேண்டும். பின்பு விளக்கைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்து நோக்கினால், ஒளித்திருப்பித் தாளின் பளிச்சீடு குறைவதையும், ஒளி வந்த வழியே திரும்புகின்றது என்பதையும் மாணவர் தாமே உணர்வர்.

இரண்டாம் சோதனை: ஒரு கண்ணாடித் தகட்டின் பாதியில் எண்ணெய்க் கையால் தடவி, எதிரே டார்ச்சு விளக்கை ஏற்றி, இரு பாதிகளின் வழியே விளக்கின் பின்னுள்ள எழுத்துகளைப் படிக்கச் செய்யலாம். தூய்மையற்ற முன்கண்ணாடி ஏன் ஆபத்து என்பது சொல்லாமலே விளங்கும்.

மூன்றாம் சோதனை: மாலையில் செம்பருத்திச் செடியின் பூவையும் இலையையும் கால் மணிக்கொருமுறை நோக்கி, எது முதலில் கறுக்கின்றது என எழுதச் செய்யலாம். பகலில் பளிச்சிட்ட சிவப்பே முதலில் கறுக்கும். கோல் அணுக்கள் செந்நிற ஒளியை உணரும் ஆற்றல் மிகக் குறைந்தவை என்பதே காரணம். சிவப்பு உடை இரவில் காப்பு அன்று என்பதை இதனால் அறியலாம். சிவந்த பின்விளக்கு தெரிவது அது தானே ஒளிர்வதால்.

சோதனைகள் முடிந்தபின், மாணவரின் சைக்கிள்களைப் பார்வையிட்டு, பின்புற ஒளித்திருப்பி இல்லாதவற்றிற்கு ஒரு பட்டை ஒட்டிவிட்டால், பாடம் அன்று மாலையே பயன் தரும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. புறப்படுமுன் முன்விளக்கு, பின்விளக்கு, பிரேக் விளக்கு, திருப்பு விளக்கு நான்கையும் எரியவிட்டுப் பார்க்கவேண்டும். விளக்குக் கண்ணாடியையும் முன்கண்ணாடியையும் ஹெல்மெட் முகமறைப்பையும் உலர்ந்த தூய துணியால் துடைக்கவேண்டும்.

2. தெரியும் தூரத்துக்குள் நிற்கும் வேகத்திலேயே செல்லவேண்டும். தாழ்ஒளியில் மணிக்கு 40 கிலோமீட்டர் என்பதை அளவாகக் கொள்ளலாம்.

3. எதிரே ஒற்றை விளக்கு வந்தால் அதனை மோட்டார் சைக்கிள் என்று முடிவு செய்தல் கூடாது. ஒரு விளக்கு பழுதான லாரியாகவும் இருக்கலாம். அதற்குப் போதிய இடம் விடவேண்டும்.

4. ஊர் எல்லை, சந்தை, பேருந்து நிறுத்தம், திருவிழாக் கூட்டம் ஆகியவற்றை நெருங்கும்போது, ஆள் தெரியாவிட்டாலும் ஆள் இருப்பதாகவே கொள்ளவேண்டும்.

5. வண்டி பழுதானால் சாலையை விட்டு முழுதும் இறக்கி, எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, 50 மீட்டர் அளவு பின்னே முக்கோண எச்சரிக்கைப் பலகையை வைக்கவேண்டும். கல்லும் மரக்கிளையும் வைத்துப் பின் அவற்றைச் சாலையிலேயே விட்டுச் செல்லுதல் மற்றொரு விபத்துக்கு வித்தாகும்.

6. விபத்தைக் கண்டால் 112 என்னும் எண்ணையோ, தேசிய நெடுஞ்சாலையாயின் 1033 என்னும் எண்ணையோ அழைக்கலாம். நல்லெண்ணத்துடன் உதவி செய்பவருக்கு வழக்குத் தொல்லை நேராதவாறு 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பு அளித்துள்ளது. காயமுற்றவரிடம் செல்லுமுன், தம் வண்டியை ஓரமாக நிறுத்திப் பின்வரும் வண்டிகளுக்கு விளக்கால் எச்சரிக்கை செய்யவேண்டும். இருளில் சாலை நடுவே குனிந்து நிற்பவரும் பிறர் கண்ணுக்குப் புலப்படாதவரே.